கூட்டாத தரை

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சிட்னி மேஸ்ஹில் முருகன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, வலது கையால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். தேவைப்பட்டால் இடது கையாலும் அணைப்பேன். அது கேட்பவரின் சந்தேகத்தைப் பொறுத்தது. நாங்கள் இருக்கிற கிரவீனில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. இந்திரகுமார் வாயைத் திறந்தால் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பார்கள். எங்கள் பின்வளவு முருங்கை ஜூலைக் குளிரில் காய்த்ததையும், அதில் ஒரே காயை இரண்டு வீடுகளுக்குச் சமைத்ததையும் இன்னும் சிலர் நம்பவில்லை. அவர்களை நான் குறை சொல்வதில்லை. அவர்கள் அந்தக் காயைத் தின்னாதவர்கள். ஆனால் இது தரையைப் பற்றிய கதை. தரை எல்லாருடைய கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் கிடப்பது. அதை வைத்து ஒருவன் எவ்வளவு பொய்தான் சொல்லிவிட முடியும்?

என் மனைவி சத்தியபாமா மெல்போர்னுக்குப் புறப்பட்ட நாளில் இருந்து தொடங்குகிறேன்.

எங்கள் மகள் லக்சிகா அங்கே ஸ்பிரிங்வேலில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பத்தியக் கறி வைத்துக் கொடுக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் தாய் போகத்தானே வேண்டும். எங்கள் ஆட்களில் எத்தனையோ வீடுகளில் மனுசி ஒரு நகரத்திலும் மனுசன் இன்னொரு நகரத்திலுமாகத்தான் இருக்கிறார்கள். ஒரு மாசத்துக்கு என்று சொல்லிப் போவார்கள்; பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்வரை நின்றுவிடுவார்கள். ஆகவே எனக்கு மட்டும் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை.

புறப்பட்ட அன்று மத்தியானம் வீட்டில் விருந்து. பக்கத்து வீட்டு அரியரத்தினம், அவர் மனைவி சந்திரவதனா, தெருவில் உள்ள மற்ற எங்கள் ஆட்கள் என்று மேசை நிறைந்துவிட்டது. நண்டுக் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி, மீன் பொரியல், கோழி. நண்டை ஒழுங்காகத் தின்ற மனிதனை நான் இதுவரை கண்டதில்லை. படித்தவன், பட்டம் பெற்றவன், பரமட்டா நீதிமன்றத்தில் வாதாடுகிறவன் யாராக இருந்தாலும் நண்டுக் கால் பல்லுக்கு நடுவே போனதும் குரங்குதான். ஓடும் காலும் முள்ளும் சக்கையும் மேசையில் இடம் போதாமல் கீழே போயின. அரியரத்தினம் வேண்டுமென்றே போட்டார்.

"கீழ போடாதையும் ஐசே" என்றேன்.

"விருந்தெண்டால் விருந்து நடந்த அடையாளம் இருக்கவேணும், காணும்" என்று இன்னொரு காலையும் போட்டார்.

சத்தியபாமா மட்டும் உட்காரவில்லை. கையில் அகப்பையோடு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"நீயும் இரன் பாமா. ஆறிப்போகுது."

"எல்லாரும் தின்னட்டும். பிறகு இருக்கிறன்."

பிறகு கார் வந்துவிட்டது. நீளமான கறுப்புக் கார். ஏர்போர்ட்டில் ஒரு பெண்ணை இறக்கிவிட இவ்வளவு நீளம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. லக்சிகா ஒழுங்கு செய்தது. மெல்போர்ன்காரருக்கு எதிலும் ஒரு எடுப்பு வேண்டும். சந்திரவதனா வாசலில் நின்று அழுதாள். அவள் வானிலை அறிக்கைக்கும் அழுகிறவள் என்பதால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மனுசி போகிற கவலையை எதிலாவது காட்ட வேண்டுமே என்று நான் குசினிக்குள் போய்த் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வந்தேன். கேற்றடியில் நின்றவள் அங்கிருந்தே கத்தினாள்.

"இஞ்சருங்கோ, தடியை வையுங்கோ! ஆள் வெளிக்கிட்ட கையோட கூட்டுறதே? நான் அங்க இறங்கி, வந்திட்டன் எண்டு ஃபோன் எடுப்பன். அதுக்குப் பிறகு கூட்டுங்கோ."

இந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் ஒருவர் பயணம் போனால், அவர் சேரவேண்டிய இடத்தில் இறங்கும்வரை வீட்டைக் கூட்டமாட்டோம். போன கையோடு கூட்டிக் கழுவுவது பிரேதம் எடுத்த வீட்டை மட்டும்தான். உயிரோடு போனவருக்குப் பின்னால் அப்படிச் செய்தால் அவரும் திரும்பி வரமாட்டார் என்று ஒரு பயம். சிட்னிக்கு வந்து வீட்டுக் கடனும் கட்டி முடித்துவிட்டோம், இந்தப் பயத்தை மட்டும் கட்டி முடிக்க முடியவில்லை.

தடியைக் குசினிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஃபோனுக்குக் காத்திருந்தேன்.

ஃபோன் வரவில்லை. காரணம் பின்னேரம்தான் தெரிந்தது. சத்தியபாமா தன் கைபேசியை ஃபிரிட்ஜுக்கு மேல் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதற்கு நான் நாள் தவறாமல் சார்ஜ் ஏற்றினேன். உயிரில்லாத ஃபோன் ஒரு வீட்டில் கிடக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் லக்சிகா ஃபோன் எடுப்பாள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"அம்மா வந்து சேர்ந்திட்டாவோ பிள்ளை?"

லைன் கொஞ்ச நேரம் ஊமையாகிவிடும். பிறகு, "அப்பா, சாப்பிட்டீங்களோ? What did you eat?" என்பாள்.

மெல்போர்ன் லைனில் ஒரு கோளாறு உண்டு. நாம் கேட்கிற கேள்விகளில் ஒன்றை மட்டும் விழுங்கிவிடும். மற்றதெல்லாம் தெளிவாகப் போகும். இதைப் பற்றித் தொலைபேசி நிறுவனத்துக்கு முறையிட்டேன். அங்கே பேசிய பெண் மிக மரியாதையாக என்னுடைய பிறந்த தேதியைக் கேட்டாள்.

ஆகவே தரையைக் கூட்ட வழி இல்லாமல் போயிற்று.

ஆரம்ப நாட்களின் மணத்தைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. எறும்புகள் வரிசையாக வந்தன, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தன, வரிசையாகவே திரும்பிப் போயின. அவை ஏன் ஒன்றையும் தொடாமல் போயின என்று அப்போது விளங்கவில்லை. ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நடந்தபோது ஒரு நண்டுக் கால் மேல் வெறுங்காலை வைத்துவிட்டேன். குத்தவில்லை. கால் மட்டமான, குளிர்ந்த எதன் மேலோ நின்றது. குனிந்து பார்த்தேன்.

நண்டுக் கால் கல்லாகியிருந்தது. ஒரே கல்லாக அல்ல. நகத்தில் பாதிகூட இல்லாத சின்னச் சின்னச் சதுரக் கற்கள் நூற்றுக்கணக்கில், சிவப்பு, செம்மஞ்சள், முனையில் கறுப்பு என்று பக்கத்தில் பக்கத்தில் பதிந்து நண்டுக் காலாகி நின்றன. பக்கத்தில் மீன் முள், அதற்கப்பால் கோழி எலும்பு, கறிவேப்பிலை, சப்பிப் போட்ட முருங்கைக்காய். எல்லாம் கல். சுற்றிவர இருந்த என் வெள்ளைத் தரையும் கல்லாகியிருந்தது. ஒவ்வொரு எச்சிலுக்கும் பக்கத்தில் ஒரு நிழல், அதுவும் சாம்பல் நிறக் கற்களால். நிழல்கள் எல்லாம் வாசல் பக்கமாகச் சரிந்து கிடந்தன, கார் போன திசைக்கு.

அரியரத்தினத்தைக் கூப்பிட்டேன். வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு அடுத்தவர் வீட்டில் பிழை பிடிப்பதுதான் அவருடைய வேலை. வாசலில் நின்றபடியே தொடங்கினார்.

"ஐசே, இன்னும் கூட்டேல்லையோ? மனுசி இல்லாட்டி இப்பிடியே நாறுறது?"

"குனிஞ்சு பாரும்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நண்டுக் காலை நகத்தால் கிளப்பப் பார்த்தார். நகம்தான் போயிற்று.

"உது தரைக்குப் போடுற ரைல்ஸ்."

"ரைல்ஸுக்கு நிழல் இருக்கோ?"

"இப்ப எல்லாம் வருது. சீனாக்காரன் செய்வான்."

"உம்முடைய பல்லுப் பட்ட அடையாளத்தோட செய்வானோ?"

அவர் பார்த்தார். அரியரத்தினத்துக்கு முன்பல் ஒன்று பாதிதான். அந்தப் பாதிப் பல்லின் கடி நண்டு ஓட்டில் அச்சாக, கல்லில் இருந்தது. மனிதர் நாக்கால் தன் பாதிப் பல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துப் படம் பிடித்துத் தெருவின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினார். அதிர்ச்சியிலும் அவர் தன் கடமையை மறக்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வைதேகி வந்தாள். அடுத்த தெருப் பிள்ளை, கும்பகோணத்துக்காரி, பல்கலைக்கழகத்தில் ரோமாபுரிக் கலை படிப்பிக்கிறவள். ஒரு பூதக்கண்ணாடியும் முழங்காலுக்கு ஒரு தலையணையும் கொண்டுவந்திருந்தாள். வணக்கம் சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்தவள், தேத்தண்ணி ஆறும்வரை எழும்பவில்லை.

"அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கோங்க, உங்க நிழல் விழுது... இது மொசைக். அசல் ரோமன் வேலை. இத எங்க வாங்கினீங்க?"

"வாங்கேல்லைப் பிள்ளை. விழுந்தது."

அவள் சிரிக்கவில்லை. படித்தவர்கள் நல்லதைக் கண்டால் சிரிக்கமாட்டார்கள். எழும்பி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். ரோமர்கள் தரையில் சித்திரம் போடாத பொருளே இல்லையாம். உடைத்த கல், அதன் மேல் செங்கல் தூள் கலந்த சுண்ணாம்பு, அதன் மேல் மெல்லிய சுண்ணாம்பு என்று அடுக்கடுக்காகப் போட்டு, மேல் சுண்ணாம்பு காய முதல் கற்களைப் பதிப்பார்களாம். பச்சையும் நீலமும் பளிச்சென்று வேண்டிய இடத்தில் கண்ணாடித் துண்டு. வாசலில் சங்கிலி போட்ட நாயும் 'நாய் கவனம்' என்ற எழுத்தும். குளிக்கிற இடத்தில் மீன், கணவாய், தலைமயிருக்குள் நண்டுக் கால் முளைத்த கடல் தெய்வம். கூடத்தில் நான்கு பருவங்களும் நான்கு பெண்களாக. சண்டைக்காரர், சிங்கம், வேட்டை. நடுவில் பாம்புத் தலைமயிரோடு ஒருத்தியின் முகம்.

"அது எதுக்கு?"

"திருஷ்டிக்கு, அங்கிள். நம்ம பூசணிக்காய் மாதிரின்னு வச்சுக்கோங்க."

இருக்கும்வரை குடி என்று சொல்லும் ஒரு எலும்புக்கூட்டைக்கூடப் போட்டிருக்கிறார்களாம், இரண்டு கையிலும் குடத்தோடு. ஃபோனில் காட்டினாள். நான் அரியரத்தினத்தைப் பார்த்தேன். "என்னை ஏன் பாக்கிறீர்?" என்றார் அவர்.

"ஆனா இது வேற" என்று வைதேகி என் தரையைத் தொட்டாள். "சாப்பாட்டு அறைக்குன்னே ஒரு வகை இருக்கு. விருந்து முடிஞ்சப்புறம் தரையில கிடக்கிற எச்சில அப்படியே போடுறது. நண்டுக் கால், கோழிக் கால், மீன் முள், பழக் காம்பு. ஒரு மூலையில வால்நட் தின்னுற எலி. முதல்ல கிரேக்கர்கள் செஞ்சாங்க. அதுக்குப் பேரே 'கூட்டாத வீடு'தான்."

"அவையின்ர மனுசிமாரும் மெல்போர்னுக்குப் போனவையோ?"

இப்போது சிரித்தாள். "ஏன் போட்டாங்கன்னு உறுதியாத் தெரியாது அங்கிள். இவ்வளவு சாப்பிட்டோம் பார்னு பெருமைக்குன்னு சிலர் சொல்றாங்க. கீழ விழுந்தது செத்தவங்களுக்குன்னு சிலர். ஒண்ணு மட்டும் உண்டு, விருந்தாளி எழுந்திரிக்கும்போது தரையக் கூட்டுறது அவங்களுக்கும் ஆகாது."

நான் அரியரத்தினத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். ரோமாபுரியே என் பக்கம் நிற்கிறது.

வைதேகியை இரண்டு விஷயங்கள் குழப்பின. ஒன்று முருங்கைக்காய். ரோமர்கள் எதையெதையோ தின்றிருக்கிறார்கள், முருங்கைக்காயைச் சப்பித் துப்பியதற்கு ஆதாரம் இல்லையாம். மற்றது ஒரு வெறுமை. மேசையின் குசினிப் பக்கத்துக் கதிரைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஒரு முள்ளுகூட இல்லாத வெறும் வெள்ளைக் கற்கள்.

"இவ்வளவு நெருக்கமாப் போட்டவங்க இங்க மட்டும் ஏன் சும்மா விட்டாங்க?"

"அது என்ர மனுசியின்ர கதிரை. அவ அண்டைக்கு இருக்கேல்லை."

"ஆன்ட்டி எங்க இருக்காங்க?"

"மெல்போர்னில. ஃபோன் எடுப்பா. அதுக்குப் பிறகுதான் இதைக் கூட்டலாம்."

அரியரத்தினம் இருமிவிட்டு முகட்டைப் பார்த்தார். எங்கள் முகட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. வைதேகி அவரைப் பார்த்தாள், பிறகு தலையணையை மடித்தாள்.

போகும்போது, தரையை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள். மேலே துணியை ஒட்டி, அடியில் வெட்டி, பாயைப் போலச் சுருட்டிக் கொண்டுபோக முடியுமாம். நான் மாட்டேன் என்றேன். சுருட்டுவதும் கூட்டுவதும் எனக்கு ஒன்றுதான். "நீங்க சொல்றது சரிதான் அங்கிள்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவளை வளர்த்த வளர்ப்பு நல்ல வளர்ப்பு. எங்கேயும் எதிர்த்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் சில பரிசோதனைகள் செய்தேன். தரைக்கு இந்த வித்தை தெரியுமானால் இன்னும் கொஞ்சம் செய்யட்டுமே என்று, தனியாகச் சாப்பிடும்போது புட்டைச் சிந்திப் பார்த்தேன். மறுநாளும் புட்டாகவே கிடந்தது. மீன் முள் போட்டேன். அது முள்ளாகவே காய்ந்தது. வாழைப்பழத் தோல் கறுத்தது. எதுவும் கல்லாகவில்லை. ஒருவன் தனியே இருந்து தின்றதன் மிச்சம் வெறும் குப்பைதான் போலும். கல்லாவதற்கு எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கையால் பொறுக்கினேன். பொறுக்குவது கூட்டுவதில் சேராது என்பது என் முடிவு.

எலி அப்போதுதான் வந்தது. உண்மை எலி அல்ல, கல் எலி. கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ஒருநாள் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது. முதல்நாள் இருக்கவில்லை. நான் பார்க்கும்போது அசையாது. பத்திரிகையைப் புரட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு கல் அளவு முன்னுக்கு வந்திருக்கும். அதன் பார்வை அரியரத்தினம் போட்ட பெரிய நண்டுக் கால் மேல் இருந்தது. அதோடு நான் பேசத் தொடங்கினேன். ரேடியோவில் போனதை, பெண்டில் ஹில் கடையில் கத்தரிக்காய் இருந்த கோலத்தை, எல்லாவற்றையும் சொல்வேன். அது சாப்பாட்டில் கண்ணாக இருக்கும். ஆனாலும் எழும்பிப் போகாது. அதற்கு ஒரு பெயர் வைக்கலாம் என்று நினைத்து விட்டுவிட்டேன். பெயர் வைத்தால் போனபிறகு கூப்பிடத் தோன்றும்.

இப்படி நாங்கள் இரண்டு பேரும் சமாதானமாக இருந்தபோது லக்சிகா ஃபோன் எடுத்தாள்.

"அப்பா, I'm coming this weekend. அரியரத்தினம் அங்கிள் எல்லாம் சொன்னவர்."

"அவர் என்ன சொன்னவர்? அவருக்குப் பாதிப் பல்லு."

"வந்து வீட்டை வடிவா கிளீன் பண்ணுறன். பிறகு நீங்க என்னோட வந்து இஞ்ச இருங்கோ. தனிய இருந்தது காணும்."

"கிளீன் பண்ணக் கூடாது! அம்மா இன்னும் ஃபோன் எடுக்கேல்லை. நீ கூட்டினா அவ பிறகு வரமாட்டா, தெரியுமோ? நானும் வந்திட்டா இஞ்ச ஃபோனை ஆர் தூக்கிறது?"

லைன் வழக்கம் போல ஊமையாயிற்று. நான் என் முறைப்பாட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வந்து இறங்கினாள். பிள்ளையைப் புருசனோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு பையும், வாடகைக்கு எடுத்த வாக்கியூம் கிளீனரும். கிளீனர் ஒரு யானைக்கன்றின் அளவு இருந்தது, தும்பிக்கை உட்பட. அதைச் சாப்பாட்டு அறைக்கு உருட்டினாள். நான் அவளுக்கு முன்னால் ஓடி, நண்டுக் காலுக்கும் எலிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் உட்காருவது சுலபம்; எழும்புவதுதான் வேறு ஆளின் வேலை.

"அப்பா, எழும்புங்கோ."

"மாட்டன்."

"Appa, please. தரை குளிர்."

"நீ முதல் தும்பிக்கையைக் கீழ வை."

"என்னப்பா இது, சின்னப் பிள்ளை மாதிரி? கொஞ்சம் தூசி தட்டினா என்ன?"

"தூசியோ? வடிவாப் பார் பிள்ளை. கல்லு. அம்மா போன அண்டைக்கு விழுந்தது. எல்லாம் அப்பிடியே இருக்கு. ஒண்டும் போகேல்லை."

என் மகள் தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திரும்பத் தரையைப் பார்த்தாள். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொஞ்ச நாளைக்குக் கண் மங்கும் என்று சத்தியபாமா சொல்வாள், உண்மைதான் போல.

"எங்கயப்பா?" என்றாள்.

"காலுக்குக் கீழ. மீன் முள்ளில நிக்கிறாய்."

அவள் உடனே காலைத் தூக்கினாள். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றாள். இடப்பக்கம் வை, அங்கே நிழல்தான், நிழலை மிதிக்கலாம் என்றேன். மெதுவாக வைத்தாள். பிறகு அவளும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அரியரத்தினம் மாமாவின் பல், சந்திரவதனா மாமி துப்பிய மிளகு, எலி. எலியிடம் அவளுக்கு ஒரு 'ஹலோ' வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டாள். எங்கே தொட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டாள்.

"இதில மட்டும் ஏன் அப்பா ஒண்டும் இல்லை?" என்று கடைசியில் குசினிப் பக்கத்துக் கதிரையின் கீழே காட்டினாள். நான் சொல்லவில்லை; அவளாகவே காட்டினாள்.

"அம்மா இருந்து சாப்பிடேல்லை. பிறகு இருக்கிறன் எண்டவ."

லக்சிகா எழும்பிப் போய் வாக்கியூமின் வயரைச் சுருட்டினாள். என்னையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "கடைக்குப் போட்டு வாறன்" என்று போனவள் ஒரு பை நண்டோடு வந்தாள். தாயின் மிளகாய்த்தூள் போத்தலைத் தேடி எடுத்து அவளே சமைத்தாள். குசினியில் இருந்து, "எவ்வளவு தூள் போடுவா அப்பா?" என்று கத்தினாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் தின்கிற கட்சி. "ஒரு அகப்பை" என்றேன்.

அதன் பலன், அந்த நண்டைத் தின்றபோது இருவருக்கும் கண்ணால் தண்ணீர் ஓடியது. அவள் தாயின் கதிரையில் உட்கார்ந்தாள். தாயைப் போலவே கடைவாயில் வைத்துக் கடித்தாள். உறைப்புக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தான் சின்ன வயதில் இதே மேசைக்குக் கீழே ஒளிந்திருந்து எல்லாருடைய கால்களையும் பார்த்ததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டு இருக்கும்போது நண்டுக் கால் ஒன்று வழுக்கிக் கீழே போயிற்று. அந்த வெறும் இடத்தில், சரியாக நடுவில் விழுந்தது.

குனியப் போனாள்.

"விடு" என்றேன்.

விட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் புறப்படும்போது மெல்போர்னைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. கேற்றைத் திறந்தவள் திரும்பி நின்றாள்.

"அப்பா, நான் போன கையோட கூட்டாதேங்கோ. இறங்கினவுடன ஃபோன் எடுப்பன். அதுக்குப் பிறகு கூட்டுங்கோ."

"நீ எடுப்பாயோ?"

"எடுப்பன் அப்பா."

"அம்மாவும் இப்பிடித்தான் சொன்னவ."

"நான் எடுப்பன்" என்றாள்.

அவள் போன டாக்ஸி சாதாரண நீளம்தான். நான் உள்ளே வந்து என் ஃபோனை மேசையில் வைத்து, அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்தேன். எலியும் நானும் ஒன்றையும் தொடவில்லை. வெளிச்சம் யன்னலில் இருந்து மெல்ல இறங்கி வாசல் பக்கம் போயிற்று. மேசையில் இருந்த ஃபோன் அடிக்கவில்லை.

ஃபிரிட்ஜுக்கு மேல் இருந்த ஃபோன் அடித்தது.

இவ்வளவு காலம் அதற்குச் சார்ஜ் ஏற்றியிருக்கிறேன், அது அடிக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்பதை மறந்துபோயிருந்தேன். நுனிக்காலில் நின்று எட்டி எடுத்தேன்; ஃபிரிட்ஜ் உயரம். காதில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் இருந்து வந்த குரல் அச்சாக அவளுடைய குரல் போலவே இருந்தது.

"வந்திட்டன்."

நான் ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"அப்பா? நான்தான். சுகமா வந்திட்டன். இனிக் கூட்டுங்கோ."

"ஓம் பிள்ளை" என்றேன். "ஓம்."

கதவுக்குப் பின்னால் போய்த் தும்புத்தடியை எடுத்தேன். பிடியில் சிலந்தி வலை. சத்தியபாமாவின் கதிரையை இழுத்து வைத்துவிட்டு, அதற்குக் கீழே கிடந்த லக்சிகாவின் நண்டுக் காலை மட்டும் கூட்டினேன். அது கல்லாகவில்லை. கல்லாக அதற்கு ஏது காரணம், அவள்தான் சொன்னபடி ஃபோன் எடுத்துவிட்டாளே. லேசாக உருண்டு வந்தது. மற்றது எதன் மேலும் தும்பு படாமல், எலியைச் சுற்றிக்கொண்டு, பின்கதவு வழியாக வெளியே தள்ளினேன். பிறகு கதிரையைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். அதற்குக் கீழே பழையபடி ஒன்றும் இல்லை. நண்டுக் காலும் முள்ளும் முருங்கைக்காய்ச் சக்கையும் இருந்தது இருந்தபடி, நிழலோடு, இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் வரலாம், தேத்தண்ணி தருவேன்.

ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். சத்தியபாமா வீட்டை விட்டுப் போன அன்று, அந்த நீளமான கார் முடக்கில் திரும்ப முதலே, சந்திரவதனாவும் தெருவில் உள்ள மற்றப் பெண்களும் எங்கள் வீட்டை ஒரு மூலை விடாமல் கூட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள்.